பினாயிலும் கிரிக்கெட் மட்டையும்: எட்டாம் வகுப்பில் இரண்டு கதை வாசிப்புகள்

ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். அந்த வகுப்புக்கு நான் தமிழாசிரியை. லைப்ரரி பீரியடும் என் பொறுப்பு. ஊர், பள்ளி, பிள்ளைகள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பின்னணி

வகுப்பில் 34 பேர். மே மாத விடுமுறையில், பள்ளிக்குப் பின்தெருவில் இருந்த பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பத்தாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில்தான் படித்தவன். சாயங்காலம் கிரவுண்டில் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு விளையாடுவான் என்பதால் ஆறாம் வகுப்புக்காரர்களுக்குக்கூட அவன் ‘அண்ணா’.

ஜூனில் பள்ளி திறந்தபோது நாங்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிரேயரிலும் சொல்லவில்லை, வகுப்பிலும் சொல்லவில்லை. ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். ஏதாவது பிள்ளை நோட்டுக் கட்டோடு உள்ளே வந்தால் பேச்சை மாற்றிவிடுவோம். பிள்ளைகளோ வேப்பமரத்தடியில் தங்களுக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதே சமயம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் ‘பினாயில்’ என்று பட்டப்பெயர் வந்திருந்தது. அவளுடைய அம்மா அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். அந்தப் பெயருக்குள் சாதியும் இருந்தது. அதை எல்லோரும் அறிவோம், யாரும் சொல்ல மாட்டோம். 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு அரசு குழு அமைத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் பேச்சு வந்தது. எங்கள் பள்ளியில் கயிறு இல்லை. அதனால் சாதித் தொல்லையும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

கண்ணில் பட்டவை

அந்தப் பெண் சத்துணவு வரிசையில் நிற்பதை நிறுத்திவிட்டாள். தட்டை எடுத்து வருவாள், கழுவுவாள், சாப்பிடாமலேயே பையில் வைத்துக்கொள்வாள். இதைக் கவனித்து என்னிடம் சொன்னது சத்துணவு ஆயாதான். வகுப்பில் அவள் கடந்து போகும்போது இரண்டு மூன்று பேர் மூக்கைப் பொத்துவார்கள். நான் திரும்பினால் மூக்கைச் சொறிவதுபோல் விரலை மாற்றிக்கொள்வார்கள். கேட்டால் “சும்மா விளையாட்டுக்கு மிஸ்” என்பார்கள். அவளும் “ஆமா மிஸ், விளையாட்டுக்குத்தான்” என்பாள்.

இன்னொரு பையன். இவனைப் பற்றி என் நோட்டில் ஒரே ஒரு வரி இருக்கிறது: “பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான்.” போன வருடம் வரைக்கும் மணி அடிப்பதற்கு முன்பே மட்டையோடு ஓடியவன். பி.டி. சார் “சோம்பேறி ஆயிட்டான் டீச்சர், போன் கெடுத்துடுச்சு” என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். என் கவனமெல்லாம் அந்தப் பெண்ணின் மேல் இருந்தது.

எந்தக் கதை, ஏன்

தலைமையாசிரியையிடம் இரண்டு விஷயங்களையும் சேர்த்தே சொன்னேன். கேலியைப் பற்றிப் பேசலாம் என்றார். சாவைப் பற்றி வேண்டாம் என்றார். “அந்த வார்த்தையச் சொன்னாலே பிள்ளைங்களுக்கு அந்த நெனப்பு வந்துடாதா?” அவர் கேட்டதில் தவறில்லை, பெரும்பாலான பெற்றோருக்கும் இதே பயம்தான். மாவட்ட மனநலத் திட்டத்தில் இருக்கும் உளவியலாளர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னதன் சாரம் இது. ‘அப்படித் தோன்றுகிறதா’ என்று அக்கறையோடு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. எப்படிச் செய்தான், எங்கே செய்தான் என்று விவரிப்பதும், செத்த பிறகுதான் எல்லோரும் திருந்தினார்கள் என்று சொல்வதும்தான் ஆபத்து. வெளிநாட்டில் ஒரு தொடரில் வந்த காட்சியை இதற்கு உதாரணம் காட்டினார். 2017இல் வெளியான ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வை’ தொடரிலிருந்து, தற்கொலையை விரிவாகக் காட்டிய காட்சியை நெட்ஃபிளிக்ஸ் 2019இல் நீக்கியது.

இதைக் கேட்ட பிறகுதான் கதையைத் தேர்ந்தெடுப்பது கடினமானது. வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் அலமாரி நிறைய இருந்தன, ஆனால் அவை இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கானவை. சக ஆசிரியர் ஒருவர் இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை எடுக்கச் சொன்னார். வேலைக்கு வந்த முதல் வருடம் அதைப் படித்துவிட்டு நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன். கேள்வி கேட்டதற்காக ஆசிரியர்களிடம் அடி வாங்கும் சிறுமி, அடி வலிக்காமல் இருக்க ஒரு மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து இறந்துபோகிறாள். சாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய கதை. ஆனால் பின்தெருவில் ஒரு சாவு நடந்து மூன்று மாதம்கூட ஆகாத வகுப்பில் அதை வாசிக்க எனக்குத் துணிவு வரவில்லை. பிள்ளை தன் உடம்பைக் காயப்படுத்திக்கொள்வது அதில் வருகிறது. அவள் போன பிறகு ஆசிரியை மாறுகிறார் என்பதும் வருகிறது. ‘நான் போனாலாவது இவங்களுக்குப் புரியும்’ என்பது காயப்பட்ட பதின்மூன்று வயதுக்குத் தானாகவே தோன்றும் எண்ணம். அதற்கு நான் கதையும் கொடுக்க வேண்டாம் என்று விட்டேன்.

கேலிக்கு ‘தி ஹண்ட்ரட் டிரஸ்ஸஸ்’ என்று முடிவு செய்தேன். எலினார் எஸ்டஸ் 1944இல் எழுதிய அமெரிக்கக் கதை. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் இருந்ததால் ஆசிரியர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். வாண்டா என்ற ஏழைப் பெண் தினமும் ஒரே நீல உடுப்பில் பள்ளிக்கு வருகிறாள். வீட்டில் நூறு உடுப்பு இருக்கிறது என்கிறாள். பெகி அவளைத் தினமும் கேலி செய்கிறாள். பெகியின் தோழி மேடி பக்கத்தில் சும்மா நிற்கிறாள். வாண்டாவின் குடும்பம் ஊரை விட்டே போன பிறகு, அந்த நூறு உடுப்பும் அவள் வரைந்த படங்கள் என்று தெரிகிறது. ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் தமிழில் சொல்வதாகத் திட்டம்.

முதல் வாசிப்பு

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட். 31 பேர் வந்திருந்தார்கள்.

“தினமும் அதே நீல உடுப்புதான். துவைச்சிருக்கும், ஆனா சரியாத் தேய்ச்சிருக்காது” என்று சொன்ன இடத்தில் முன்வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அப்புறம் இன்னொருவன். பத்து விநாடிக்குள் பாதி வகுப்பு மூன்றாவது பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து, “மிஸ், தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்றாள். போனவள் திரும்பி வரவில்லை.

நான் கதையை நிறுத்தவில்லை. நல்ல இடத்தில் போய்க்கொண்டிருந்தது, பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், மணி அடிக்கும்வரை சொன்னேன். வெளியே வந்து பார்த்தபோது அவள் குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவிய தட்டு. “வீட்டுக்குப் போகட்டுமா மிஸ்?” என்று கேட்டாள். சரி என்றேன்.

திங்களும் செவ்வாயும் அவள் வரவில்லை. செவ்வாய் மாலை வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் என்றார் அம்மா. காய்ச்சல் இல்லை என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

புதன் வந்தாள். வியாழக்கிழமை, பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியைத் திறந்த தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு சீட்டைக் கொடுத்தார். கோடு போட்ட தாளின் கால் பகுதி, நான்காக மடித்தது. பெயர் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும், நான் திருத்தித் திருத்திக் கொடுத்த கையெழுத்து. எழுதியிருந்தது இதுதான்: “கதையில மிஸ் நல்லவங்க. எங்க வகுப்புல அந்தப் பேரு மிஸ் கேட்டதுலதான் வந்துச்சு.”

எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. ராத்திரிதான் வந்தது. ஜூனில் கழிப்பறை சுத்தம் செய்யப் பினாயில் தீர்ந்துபோயிருந்தது. அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டே, வகுப்புக்கு நடுவில், “உங்க அம்மா ஆஸ்பத்திரியிலதானே இருக்காங்க, ஒரு பாட்டில் பினாயில் கேட்டு வாங்கிட்டு வர முடியுமாம்மா?” என்று அவளிடம் கேட்டேன். அவள் கொண்டுவரவில்லை. அடுத்த நாள் ‘பினாயில் வரலையா?’ என்று யாரோ கேட்க, வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாற்றிய திட்டம்

கதை அவளுக்கு மிகவும் கிட்டத்தில் இருந்தது என்பது முதல் தவறு. தன்னைப் பற்றிப் பேசாமல் வேறொருத்தியைப் பற்றிப் பேசலாம் என்பதற்காகத்தான் கதையே. அந்த வேறொருத்தி அச்சு அசலாக மூன்றாவது பெஞ்சில் இருப்பவளைப் போலவே இருந்தால், கதை அவளை மேடையில் ஏற்றி நிறுத்திவிடுகிறது. உளவியலாளரிடம் போனில் சொன்னபோது அவர் திட்டவில்லை. “அவளுக்கு முன்னாடியே கதை தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது. கேட்டிருக்கலாம்.

மன்னிப்பு எங்கே கேட்பது என்று நிறைய யோசித்தேன். வகுப்பில் கேட்டால் நான் நல்லவளாகிவிடுவேன், அவள் மறுபடியும் எல்லோர் கண்ணிலும் விழுவாள். அம்மாவை வைத்துக்கொண்டு ஹெச்.எம். அறையில் அவளிடம் கேட்டேன். அம்மா, “பரவால்ல டீச்சர், நீங்க என்ன, வேணும்னேவா கேட்டீங்க” என்றார். அவள் எதுவும் சொல்லவில்லை. வகுப்பில் இதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டதற்கு, “என் பேரச் சொல்லாம சொல்லுங்க” என்றாள்.

அப்படியே செய்தேன். ஒரு பட்டப்பெயர் உருவானதில் எனக்குப் பங்கு உண்டு, அன்றைக்கு நானும் சிரித்தேன் என்று வகுப்பில் சொன்னேன். வாண்டாவை விட்டுவிட்டு மேடியைப் பிடித்துக்கொண்டேன். கேலி செய்தது யார் என்று கேட்டால் வகுப்பே வாயை மூடிக்கொள்ளும். பக்கத்தில் நின்றது யார் என்றால் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. “நான் மேடியா நின்ன நாள்” என்று பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். 22 தாள் வந்தது. அதில் ஒன்பது பள்ளிக்கூடத்தைப் பற்றியே இல்லை. அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது, தெருவில் வேறு தெருப் பையனை நிற்கவைத்து ஏசியபோது நின்றது. ஒரு தாளை அன்று மாலையே தலைமையாசிரியையிடம் கொடுத்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்ல வேண்டியிருந்தது. அது தனிக் கதை, இங்கே எழுத முடியாது.

மூக்கைப் பொத்திய இரண்டு பேரைத் தனித்தனியாகப் பேசவைத்தோம், தண்டிக்கவில்லை. ஒருவன் அடுத்த நாளே நிறுத்திவிட்டான். இன்னொருவன் நிறுத்த அக்டோபர் ஆனது. அவன் வீட்டில் அந்தப் பேச்சு அப்படித்தான் நடக்கிறது என்பது அவன் அப்பா வந்து பேசிய ஐந்தாவது நிமிஷத்திலேயே தெரிந்தது.

இரண்டாவது வாசிப்பு

சாவைப் பற்றிப் பேச, தற்கொலை வரும் கதை எதையும் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ‘டோட்டோ சான்’ எடுத்தேன். டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளிக் காலத்தைப் பற்றி எழுதி 1981இல் ஜப்பானில் வந்த புத்தகம். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட தமிழ்ப் பிரதி எங்கள் அலமாரியிலேயே இருந்தது. போலியோ பாதித்த நண்பன் யசுவாக்கியை டோட்டோ சான் படாதபாடு பட்டு மரத்தில் ஏற்றிவிடும் பகுதியை ஒரு வாரமும், அவன் இறந்துபோகும் பகுதியை அடுத்த வாரமும் வாசித்தேன். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். தலைமையாசிரியர் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவன் இறந்துவிட்டான் என்று நேராகச் சொல்கிறார். எல்லோரும் சேர்ந்து இறுதிச் சடங்குக்குப் போகிறார்கள். நாங்கள் ஜூனில் செய்யாதது அது.

ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பீரியட். உளவியலாளர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தார். கரும்பலகையின் மூலையில், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எழுதியிருந்தது. வெளியே போக வேண்டும் என்றால் யாரிடமும் கேட்காமல் போகலாம், வாசலில் பி.டி. சார் இருப்பார் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

யசுவாக்கி இரவல் கொடுத்த புத்தகத்தை டோட்டோ சானால் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகும் இடத்தை வாசித்து முடித்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் ஜன்னலோரத்திலிருந்து அந்தப் பையன், யாரையும் பார்க்காமல், “அண்ணாவோட பேட் என்கிட்டதான் இருக்கு” என்றான்.

எந்த அண்ணா என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் கை வைத்தான். ஒரு பெண், “அண்ணா எனக்கு சைக்கிள் கத்துக்குடுத்தாங்க” என்றாள். இன்னொருத்தி அழ ஆரம்பித்தாள். எப்படி நடந்தது என்ற பேச்சு ஒரு மூலையில் தொடங்கியபோது, “அது வேணாம், அவனோட உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு, அதச் சொல்லுங்க” என்று திருப்பினேன். காரணம் என்ன என்று கேட்டார்கள். ஒரே ஒரு காரணத்தால் இப்படி நடப்பதில்லை, அவன் வலி அவனுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும், ஆனால் அந்த வலிக்கு உதவி இருந்தது, அது அவனுக்குக் கிடைக்காமல் போய்விட்டது என்றேன். இந்த வாக்கியத்தை முந்தின நாள் எழுதி வைத்து நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அந்த நேரத்தில் யோசித்துச் சொல்லியிருந்தால் தப்பாகத்தான் வந்திருக்கும்.

அன்று மதியம்

சாப்பாட்டு மணிக்கு அவனாகவே லைப்ரரி வாசலில் வந்து நின்றான். மே மாதம் அண்ணாவிடம் மட்டையை இரவல் வாங்கியிருக்கிறான். நாளைக்குக் கொண்டுவா என்று அவர் சொன்னாராம். இவன் இரண்டு நாள் வைத்துக்கொண்டான். “நான் அன்னிக்கே குடுக்கப் போயிருந்தா பேசிட்டிருந்திருப்பாங்க மிஸ்.”

உளவியலாளர் சொல்லிக்கொடுத்தபடி நேராகக் கேட்டேன். “உனக்கும் செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுச்சா?” கேட்கும்போது என் கை நடுங்கியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “ராத்திரியில” என்றான். அப்புறம், “அம்மாகிட்ட சொல்லாதீங்க.”

அந்த வாக்கை மட்டும் நான் கொடுக்கவில்லை. உன் உயிர் சம்பந்தப்பட்டதை நான் மறைக்க மாட்டேன், ஆனால் யாரிடம் என்ன சொல்கிறோம் என்பதை உன்னை வைத்துக்கொண்டே சொல்வோம் என்றேன். அவனைத் தனியாக விடாமல் உளவியலாளரிடம் கூட்டிப்போனேன். அம்மா வேலை செய்யும் இடத்துக்குத் தலைமையாசிரியை போன் செய்தார். அம்மா வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “போலீஸ் கேஸ் ஆயிடுமா?” மனதில் தோன்றியதைச் சொல்வதற்கு எந்தச் சட்டத்திலும் வழக்கு இல்லை என்றோம். முயற்சி செய்தவர்களைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகக் கருதித் தண்டிக்கக் கூடாது என்றுதான் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது என்பதை உளவியலாளர் விளக்கினார். அதன் பிறகுதான் அம்மா உட்கார்ந்தார்.

அன்று மாலையே அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் பார்த்தார். சில நாள் வீட்டில் யாராவது கூடவே இருக்க வேண்டும், ஆபத்தான பொருள்களைப் பூட்டி வைக்க வேண்டும் என்றார். பாட்டி ஊரிலிருந்து வந்தார்.

பிறகு நடந்தவை

அந்த வார இறுதிக்குள் ஒரு மாணவியின் அப்பா வந்து சத்தம் போட்டார். “பள்ளிக்கூடத்துல சாவப் பத்தி எதுக்குப் பேசுறீங்க? என் பொண்ணு ராத்திரி தூங்கல.” அவர் கேட்டது நியாயம். பெற்றோருக்கு நாங்கள் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி விளக்கினோம். பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

பையன் மருத்துவமனைக்கு ஆறு முறை போய்வந்தான். அவனுக்காகச் சனிக்கிழமைகளில் வேலையை விட்டு வந்ததற்கு அம்மாவுக்குக் கூலி போனது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மட்டையை வீட்டில் வைக்கக் கூடாது, செத்த வீட்டுப் பொருள் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். மருத்துவர் அதை அவனே முடிவு செய்யட்டும் என்றார். டிசம்பரில் அவனும் அம்மாவும் பின்தெரு வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அண்ணாவின் அம்மா அதைக் கையில் வாங்கி, பிடியில் சுற்றியிருந்த சைக்கிள் டியூபைத் தடவிப் பார்த்தாராம், எதுவும் பேசவில்லையாம். அவன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். ஜனவரியில் கிரவுண்டுக்குப் போக ஆரம்பித்தான். பேட் செய்வதில்லை, பந்து போடுகிறான்.

அந்தப் பெண் செப்டம்பர் முதல் சத்துணவு வரிசையில் நிற்கிறாள். பட்டப்பெயர் வகுப்பில் நின்றுவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் பிப்ரவரியில்கூட ஒரு முறை என் காதில் விழுந்தது, வேறு வகுப்புப் பையன்கள். என்னிடம் அவள் இப்போது முன்போலச் சிரிப்பதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். அது அவள் உரிமை.

மறுபடி செய்தால்

ஜூன் முதல் வாரத்திலேயே அந்த மாணவனின் மறைவை வகுப்பு வகுப்பாகப் போய், விவரம் இல்லாமல், நேராகச் சொல்வோம். மூன்று மாத மௌனத்தில்தான் அந்தப் பையன் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டான்.

கேலிக்கு உள்ளாகும் பிள்ளையிடம் கதையை முன்கூட்டித் தனியாகச் சொல்லி, வகுப்பில் வாசிக்கலாமா என்று கேட்பேன். வேண்டாம் என்றால் வேறு கதை. பிள்ளைகளின் பெற்றோர் பார்க்கும் வேலையைப் பள்ளித் தேவைக்குக் கேட்பதை நிறுத்திவிட்டேன். இதை ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது எலெக்ட்ரீஷியன் மகன், டெய்லர் மகள் என்று நாங்கள் எல்லோருமே யாரிடமாவது எதையாவது கேட்டிருந்தது தெரிந்தது.

உற்சாகமாக இருந்தவன் ஒதுங்கி உட்கார்ந்தால், நோட்டில் ஒரு வரி எழுதுவதோடு விடாமல் அன்றே கூப்பிட்டுப் பேசுவது என்றும் பி.டி. சாரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

பெற்றோருக்கான கடிதம் தயாராக இருக்கிறது: என்ன வாசிக்கப் போகிறோம், ஏன், வீட்டில் பிள்ளை ஏதாவது கேட்டால் என்ன சொல்லலாம், 14416க்கு எந்த நேரமும் பேசலாம் என்று ஒரே பக்கம். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவினர் நேரில் போய்ச் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் இனி எதுவும் இல்லை. அன்று அவள் கழுவிய தட்டோடு வீட்டுக்குப் போனபோது, அடுத்த இரண்டு நாள் அவளைப் பார்க்கப் பள்ளியில் யாரும் இல்லை. புது டைம்டேபிளில் எட்டாம் வகுப்புக்கு லைப்ரரி பீரியடை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருந்தேன். கணக்கு சார் தன் பீரியடை விட்டுக்கொடுத்தார். இந்த ஆண்டு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பீரியட்.